தூக்குவது ஜாக்கி, தாங்குவது ஸ்டாண்டு



போன மாதம் விழுப்புரம் சாலையில் ஒரு டயர் கடையில் அரை மணி நேரம் உட்கார வேண்டியதாயிற்று. மருமகனின் காருக்குப் பஞ்சர். எங்களுக்கு முன்னால் ஒரு டிப்பர் லாரி நின்றது. கடைப் பையன் ஒருவன், வயது இருபது இருக்கும், கம்ப்ரசரிலிருந்து வரும் ரப்பர் குழாயை ஒரு சிவப்பு ஜாக்கியில் மாட்டினான். பிடியை அழுத்தினான். ‘டக டக டக’ என்று சத்தம். இரண்டு நிமிடத்தில் லாரியின் பின் அச்சு தரையை விட்டு எழும்பிவிட்டது. அந்தக் காலத்தில் கிளீனர் வியர்க்க விறுவிறுக்க நெம்புகோலை ஆட்டிச் செய்த வேலையை, இவன் மறு கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டே செய்து முடித்தான்.

டயரைக் கழற்றியதும் உள்ளே எதையோ பார்க்க வேண்டும் என்று மல்லாந்து படுத்து லாரிக்கு அடியில் நுழைந்தான். ஜாக்கியைத் தவிர லாரிக்கு வேறு முட்டு கிடையாது. நான் எழுந்துவிட்டேன்.

“தம்பி, ஸ்டாண்டு வைக்கலியா?”

“இருபது டன் ஜாக்கி தாத்தா. ஒண்ணும் ஆவாது. அஞ்சு நிமிஷ வேலைதான்.”

“மாமா, அவங்க வேலை அவங்களுக்குத் தெரியும், நீங்க உட்காருங்க” என்றார் மருமகன். உட்கார்ந்தேன். பையன் நல்லபடியாக வெளியே வந்து டயரை மாட்டி லாரியை அனுப்பிவிட்டான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ‘இருபது டன் ஜாக்கி’ என்ற அதே வார்த்தையை ஏறக்குறைய முப்பது வருடங்களுக்கு முன் ஓர் அரசாங்கக் கோப்பில் நானே எழுதியிருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்த ஜாக்கி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். அந்தக் கதைக்குள்ளேயே ஸ்டாண்டின் கதையும் இருக்கிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பௌதிகப் பாடத்தில் ‘ப்ரேன்சிப் த பஸ்கால்’ என்று ஒரு பகுதி வரும். தமிழ்ப் புத்தகங்களில் பாஸ்கல் விதி என்று போடுகிறார்கள். மூடிய பாத்திரத்தில் இருக்கும் நீர்மத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்பது அதன் சாரம். அப்படியே ஒப்பித்து நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்த விதிக்கும் லாரிக்கும் உள்ள சம்பந்தத்தை அப்போது யாரும் சொன்னதாக ஞாபகமில்லை.

பிளேஸ் பஸ்கால் 1623-ஆம் ஆண்டு பிரான்சின் நடுவே உள்ள கிளெர்மோன் நகரில் பிறந்தவர். அப்பா வரி வசூல் அதிகாரி. ரூவான் நகரில் அவர் இரவெல்லாம் வரிக்கணக்குக் கூட்டிக் கூட்டி அலுத்துப்போவதைப் பார்த்து, 1642-இல் மகன் ஒரு கூட்டல் இயந்திரம் செய்யத் தொடங்கினார். பற்சக்கரங்களால் ஆனது. பத்து வந்தால் தானே அடுத்த இலக்கத்துக்கு ஒன்றைத் தள்ளிவிடும். மகனுக்கு அப்போது பத்தொன்பது வயதுகூட நிறைந்திருக்காது. ஆயுள் முழுவதும் கணக்குத் தாள்களோடு மல்லுக்கட்டிய என் போன்ற குமாஸ்தாவுக்கு இந்த மனிதர்மேல் தனிப் பிரியம் வருவதற்கு இது ஒன்றே போதும்.

அடுத்து அவர் கவனம் காற்றின் பக்கம் திரும்பியது. நம்மைச் சுற்றியுள்ள காற்றுக்கு எடை உண்டா என்பது அன்றைக்குப் பெரிய வாதம். இத்தாலியில் டோரிச்செல்லி, பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்து நிறுத்தினால் ஒரு குறிப்பிட்ட உயரம் வரை பாதரசம் இறங்காமல் நிற்பதைக் காட்டியிருந்தார். வெளியே உள்ள காற்றின் எடைதான் அதைத் தாங்கி நிற்கிறது என்றால், மலைமேல் ஏறினால் காற்று குறையும், பாதரசமும் இறங்க வேண்டும் என்று பஸ்கால் கணக்குப் போட்டார். அவர் அப்போது பாரிசில் இருந்தார். உடம்பும் சரியில்லை. அக்கா கணவர் ஃப்ளோரேன் பெரியேவுக்குக் கடிதம் எழுதினார். 1648 செப்டம்பர் 19 அன்று பெரியே, கிளெர்மோன் அருகில் உள்ள புய் த தோம் என்ற மலைமேல் குழாயோடு ஏறினார். ஊரில் வைத்த குழாயைவிட உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. காற்றுக்கு எடை உண்டு, அது அழுத்துகிறது என்பது நிரூபணமாயிற்று.

காற்றைப் பற்றியும் நீரைப் பற்றியும் பஸ்கால் எழுதிய இரண்டு கட்டுரைகள் ஒரே புத்தகமாக 1663-இல் வெளிவந்தன. அதற்கு முந்தைய ஆண்டே, முப்பத்தொன்பது வயதில், அவர் காலமாகிவிட்டார். நீரைப் பற்றிய பகுதியின் தலைப்பில் நீர்மங்களைக் குறிக்க ‘லிகேர்’ என்ற சொல் வரும். அந்தக் காலப் பிரெஞ்சில் அதற்கு நீர்மம் என்று பொருள். எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்தான் தெரியும் என்பதால் வகுப்பில் சிரிப்பு அடங்க நேரமாகும்.

அந்தப் பகுதியில் ஓர் உதாரணம் உண்டு. தண்ணீர் நிரம்பிய மூடிய பாத்திரம். அதில் இரண்டு துளைகள். ஒன்று மற்றதைப் போல நூறு மடங்கு பெரியது. இரண்டிலும் கச்சிதமாகப் பொருந்தும் அடைப்புகள். சின்ன அடைப்பை ஒருவன் அழுத்தினால், பெரிய அடைப்பை நூறு பேர் சேர்ந்து அழுத்தினால்தான் ஈடாகும். தண்ணீர் நிரம்பிய பாத்திரமே பலத்தைப் பெருக்கும் ஒரு புது இயந்திரம் என்று அவர் கண்டார். இதில் இலவசம் எதுவும் கிடையாது என்பதையும் சேர்த்தே சொன்னார். சின்னது நூறு அங்குலம் இறங்கினால்தான் பெரியது ஓர் அங்குலம் ஏறும். டயர் கடையில் ‘டக டக’ என்று நூற்றுக்கணக்கான முறை கேட்கும் சத்தத்துக்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

யோசனை 1663-லேயே அச்சில் வந்துவிட்டது. ஆனால் இயந்திரம் வர நூற்று முப்பது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. காரணம் ஒரே ஒரு சொல்: கசிவு.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் 1748-இல் பிறந்தவர் ஜோசப் பிராமா. விவசாயி மகன். பதினாறு வயதில் காலில் அடிபட்டு வயல் வேலைக்கு லாயக்கில்லாமல் போனதால் தச்சு வேலை கற்றுக்கொண்டார். பிறகு லண்டன் வந்து, தண்ணீர் ஊற்றும் கழிப்பறைக்கும், யாரும் திறக்க முடியாது என்று சொல்லப்பட்ட பூட்டுக்கும் காப்புரிமை வாங்கினார். 1795-இல் நீர்அழுத்த இயந்திரத்துக்கும் வாங்கினார். சின்னக் குழலில் கைப்பம்பு, பெரிய உருளையில் மேலெழும் தண்டு. பஸ்கால் சொன்ன பாத்திரமேதான்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், தண்டுக்கும் உருளைக்கும் இடையே உள்ள இடைவெளியில். அதை இறுக்கி அடைத்தால் தண்ணீர் கசியாது, ஆனால் வேலை முடிந்ததும் தண்டு கீழே இறங்காது. தளர்த்தி அடைத்தால் தண்டு இறங்கும், ஆனால் அழுத்தும்போதே தண்ணீர் பீறிடும். இதற்குத் தீர்வு கண்டவர் பிராமாவின் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பன்னிரண்டு வயதில் வெடிமருந்துக் கிடங்கில் தோட்டா நிரப்பும் வேலைக்குப் போனவர் அவர். தோலைக் கிண்ணம் போல வளைத்து, அதன் வாய் தண்ணீரைப் பார்க்கும்படி பொருத்தினார். தண்ணீரின் அழுத்தமே தோலின் விளிம்பை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். அழுத்தம் ஏற ஏற அடைப்பும் இறுகும். அழுத்தம் போனால் தோல் தானே தளர்ந்துவிடும்.

நம் வீட்டுச் சைக்கிள் பம்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தண்டின் நுனியில் கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாஷர் இருக்கும். காய்ந்துபோனால் பம்பு காற்று பிடிக்காது, தேங்காய் எண்ணெய் தடவுவோம். அதுவும் அதே வகைதான். இன்றைய ஜாக்கிக்குள் தோலுக்குப் பதில் செயற்கை ரப்பர். வேறு மாற்றம் இல்லை.

மாட்ஸ்லே அந்தப் பட்டறையில் மேஸ்திரியாக உயர்ந்தார். வாரத்துக்கு 30 ஷில்லிங் சம்பளம். குடும்பம் பெருகியதால் கூட்டித் தரும்படி கேட்டார். பிராமா மறுத்துவிட்டார். 1797-இல் மாட்ஸ்லே வெளியேறித் தனிப் பட்டறை வைத்து, திருகாணி வெட்டும் கடைசல் இயந்திரத்தால் உலகப் புகழ் பெற்றார். ஊதிய உயர்வு மனு நிராகரிக்கப்பட்டதால் ஒருவர் பெரிய ஆளான கதை இது. நம்மில் பலருக்கு மனு மட்டும்தான் நிராகரிக்கப்பட்டது.

இனி இந்தக் கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

வேல்ஸ் நாட்டில் மெனாய் என்ற நீரிணை. அதைக் கடந்து ரயில் போக ராபர்ட் ஸ்டீபன்சன் ஒரு பாலம் கட்டினார். பிரிட்டானியா பாலம் என்று பெயர். இரும்புத் தகடுகளால் ஆன, ரயிலே உள்ளே புகுந்து போகக்கூடிய பெரிய குழாய்கள். நடுவில் உள்ள குழாய் ஒவ்வொன்றும் 1,500 டன்னுக்கு மேல் எடை. கரையிலேயே செய்து, மிதவையில் ஏற்றித் தூண்களுக்கு நடுவே கொண்டுவந்து, பிறகு கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 அடி உயரத்துக்குத் தூக்க வேண்டும். தூக்கியது பிராமா வழிவந்த நீர்அழுத்த இயந்திரம்.

பிரம்மாண்டமான இயந்திரம் அது. யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும். ஆனால் ஸ்டீபன்சன் ஓர் உத்தரவு போட்டிருந்தார். குழாய் மேலே ஏற ஏற, அதன் அடியில் உடனுக்குடன் கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்துக்கொண்டே, செங்கல் கட்டுமானத்தையும் எழுப்பிக்கொண்டு வர வேண்டும். இயந்திரத்தை மட்டும் நம்பிக் குழாயைத் தொங்கவிடக் கூடாது. இதனால் வேலை தாமதமாகும் என்பது அவருக்குத் தெரியும்.

1849 ஆகஸ்ட் 17 அன்று, குழாய் ஏறிக்கொண்டிருக்கும்போதே இயந்திரத்தின் இரும்பு உருளையின் அடிப்பாகம் பிய்த்துக்கொண்டு விழுந்தது. விழுந்த இரும்பு தாக்கி ஒரு தொழிலாளி உயிரிழந்தார். குழாய் இறங்கியது. எவ்வளவு? ஓர் அடிக்கும் குறைவுதான். அடியில் அடுக்கியிருந்த முட்டு அதைப் பிடித்துக்கொண்டது. அந்த முட்டு இல்லாமல் இருந்திருந்தால் 1,500 டன் இரும்பு கடலுக்குள் போயிருக்கும். இயந்திரத்தைப் பழுது பார்த்து மறுபடி தூக்கி, 1850-இல் பாலத்தில் ரயில் ஓடியது.

அந்த முட்டுக்கு இன்றைய பெயர்தான் ஜாக்கி ஸ்டாண்டு. நீர்அழுத்தத்தால் தூக்கும் எதுவும் திடீரென்று கைவிடும், அப்போது தாங்குவதற்கு வேறொன்று இருக்க வேண்டும் என்ற பாடம் 1849-லேயே எழுதப்பட்டுவிட்டது.

இரண்டு வருடம் கழித்து, 1851-இல், நியூயார்க்கில் தொழில் செய்துவந்த ரிச்சர்ட் டட்ஜன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கையில் தூக்கிப்போகக்கூடிய ஜாக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். பம்பு, தொட்டி, தண்டு மூன்றையும் ஒரே கூட்டுக்குள் அடக்கியது அவர் சாமர்த்தியம். நீராவியால் சாலையில் ஓடும் வண்டி ஒன்றையும் செய்தவர் அவர். பின்னாளில் தண்ணீரின் இடத்தை எண்ணெய் பிடித்தது. எண்ணெய் துருப்பிடிக்க விடாது, உறுப்புகளுக்கு மசகாகவும் இருக்கும்.

ஜாக்கியில் காற்று எப்படிச் சேர்ந்தது? இதற்கும் பஸ்காலின் ஊருக்கே திரும்ப வேண்டும். அவர் பிறந்த கிளெர்மோன், பின்னர் பக்கத்து ஊரோடு சேர்ந்து கிளெர்மோன்-ஃபெரான் ஆயிற்று. மிஷ்லேன் சகோதரர்களின் டயர் கம்பெனி 1889-இல் அங்கேதான் தொடங்கியது. 1895-இல் பாரிசிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் கார் பந்தயத்தில், காற்றடைத்த டயர் பூட்டிய காரை அவர்களே ஓட்டிச் சென்றார்கள். வழியெல்லாம் பஞ்சர். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் காற்று டயரில் கார் ஓடும் என்பது தெரிந்துவிட்டது. காற்று டயர் வந்ததும் பஞ்சர் கடை வந்தது. பஞ்சர் கடைக்குக் கம்ப்ரசர் வந்தது. கம்ப்ரசர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற இடத்தில், ஜாக்கியின் பம்பை மட்டும் ஏன் கையால் ஆட்ட வேண்டும்?

ஏர் ஜாக்கியின் உள்விவரம் இதுதான். ஜாக்கியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் காற்று இயந்திரம். அதில் அகலமான ஒரு பிஸ்டன். அதன் நுனியில் மெல்லிய ஓர் எண்ணெய்ப் பிஸ்டன். கம்ப்ரசர் காற்று அகலமானதைத் தள்ளும், அது மெல்லியதைத் தள்ளும், பிறகு இரண்டும் பின்வாங்கும், மறுபடி தள்ளும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். காற்று பிஸ்டனின் விட்டம் மெல்லியதைப் போல 7 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 49 மடங்கு. சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ காற்றழுத்தம் கொடுத்தால் எண்ணெயில் 343 கிலோ அழுத்தம் கிடைக்கும். அந்த எண்ணெய் 30 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள தண்டைத் தள்ளினால் 10,290 கிலோ. பத்து டன்னுக்கு மேல். பஸ்காலின் கணக்கை இரண்டு முறை அடுத்தடுத்துப் போட்டிருக்கிறார்கள், முதலில் காற்றுக்கு, பிறகு எண்ணெய்க்கு.

இப்போது ஒரு கேள்வி. லாரி எழும்பி நிற்கிறது. காற்றை நிறுத்திவிட்டோம். லாரியை எது தாங்குகிறது? காற்று இல்லை. பழைய திருகு ஜாக்கியாக இருந்தால் திருகின் மரையே தாங்கும். இதில் மரை கிடையாது. தூக்கிய எண்ணெய் திரும்பி வராமல் தடுக்கும் வால்வில் மிளகு அளவுக்கு ஓர் எஃகு குண்டு இருக்கும். அந்தக் குண்டும், ஒரு ரப்பர் வாஷரும்தான் லாரியைத் தாங்குகின்றன. குண்டுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே ஒரு தூசி புகுந்தால் போதும், லாரி மெதுவாக இறங்கும். வாஷர் கிழிந்தால் மெதுவாக இறங்காது.

இதையெல்லாம் நான் எங்கே கற்றேன் என்று சொல்லும் நேரம் வந்துவிட்டது.

1990-களின் தொடக்கம். ஓர் அரசு அலுவலகத்தில் கொள்முதல் பிரிவு எழுத்தராக இருந்தேன். அலுவலகத்துக்குச் சொந்தமாக வண்டிகளும், பின்புறம் ஒரு ஷெட்டும் உண்டு. ஷெட்டுக்கு ஒரு 20 டன் ஏர் ஜாக்கி வாங்கினோம். சில வாரம் கழித்து ஷெட் மேஸ்திரி நான்கு ஸ்டாண்டுகள் கேட்டுத் தேவைப்பட்டியல் அனுப்பினார். அது என் மேசைக்கு வந்தது. நான் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். அதன் தமிழ் இதுதான்: ‘20 டன் ஜாக்கி ஏற்கெனவே வாங்கப்பட்டுள்ள நிலையில், ஸ்டாண்டுகளின் தேவை குறித்து ஷெட்டிடம் விளக்கம் கோரலாம்.’ மேலதிகாரி கையெழுத்திட்டார். கோப்பு திரும்பிப் போயிற்று. மேஸ்திரிக்கு எழுத்து வேலை வராது. விளக்கம் வரவில்லை. நானும் நினைவூட்டவில்லை. ஒரு செலவைத் தடுத்துவிட்டோம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியான வேளை, லாரிக்கு அடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தினக்கூலிப் பையன்மேல் லாரி இறங்கிவிட்டது. வாஷர் கிழிந்திருந்தது. பையனுக்கு இருபத்தொரு வயது. உயிர் பிழைத்தான். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

விசாரணை அறிக்கையைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். ‘ஜாக்கியின் வாஷர் பழுதடைந்ததே விபத்துக்குக் காரணம்’ என்று அதில் இருந்தது. பொய் இல்லை. ஆனால் ஸ்டாண்டு கேட்டு வந்த பட்டியலைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பஸ்கால் விதியை மூச்சுவிடாமல் ஒப்பிக்கத் தெரிந்தவன், அந்த ஷெட்டுக்குப் போய் ஜாக்கி எப்படி வேலை செய்கிறது என்று ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

விபத்துக்குப் பிறகுதான் போனேன். மேஸ்திரி என்னைத் திட்டவில்லை. “எழுதிக்கோங்க சார், ஷெட்டு சுவத்துல ஒட்டுவோம்” என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஸ்டாண்டுகளும் அந்த மாதமே வந்தன. அவர் சொன்னதை இங்கே தருகிறேன்.

1. வண்டி சமமான, கெட்டியான தரையில் நிற்க வேண்டும். மண்ணாகவோ வெயிலில் இளகிய தாராகவோ இருந்தால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் கனமான இரும்புத் தகடு போட வேண்டும்.

2. ஹாண்ட் பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது.

3. தண்டு முழுக்க இறங்கிய நிலையில் ஜாக்கியின் எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். ஜாக்கிக்கான ஹைட்ராலிக் எண்ணெய் மட்டுமே ஊற்ற வேண்டும். பிரேக் ஆயில் ஊற்றினால் வாஷர் கெடும். தண்டில் கசிவு தெரிந்தால் அந்த ஜாக்கியைத் தொடக் கூடாது.

4. கம்ப்ரசர் தொட்டியில் சேர்ந்த தண்ணீரை வடித்துவிட வேண்டும். குழாயில் ஒருமுறை காற்றை ஊதித் தூசியை வெளியேற்றிவிட்டு மாட்ட வேண்டும். ஊதும்போது முகத்தையோ ஆளையோ பார்த்துப் பிடிக்கக் கூடாது. ஜாக்கித் தகட்டில் போட்டிருக்கும் காற்றழுத்தத்துக்கு மேல் போகக் கூடாது.

5. ஜாக்கி திக்கித் திக்கி ஏறினால் எண்ணெயில் காற்று புகுந்திருக்கிறது. சுமை இல்லாமல், இறக்கும் வால்வைத் திறந்துவைத்துச் சில விநாடி ஓட்டினால் அது வெளியேறும்.

6. சக்கர நட்டுகளைத் தூக்குவதற்கு முன்பே சற்றுத் தளர்த்த வேண்டும். அச்சுக்கு அடியிலோ, வண்டிக்காரன் குறித்த இடத்திலோ மட்டும் ஜாக்கி வைக்க வேண்டும். சுமை தண்டின் தலைக்கு நேர் நடுவில் இருக்க வேண்டும். வால்வை மூடி, தண்டு அச்சைத் தொட்டதும் நிறுத்தி ஒருமுறை சுற்றிப் பார்த்த பிறகுதான் மேலே தூக்க வேண்டும்.

7. தேவையான உயரம் வந்ததும் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் ஸ்டாண்டு வைத்து, வண்டியை மெதுவாக ஸ்டாண்டின்மேல் இறக்கி உட்கார வைக்க வேண்டும். எடை ஸ்டாண்டுக்குப் போய்விட வேண்டும். பிறகு காற்றுக் குழாயைக் கழற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆள் அடியில் போகலாம்.

8. இறக்கும்போது அடியில் கை, கால், கருவி எதுவும் இல்லை என்று குனிந்து பார்க்க வேண்டும். சற்றுத் தூக்கி ஸ்டாண்டை எடுத்துவிட்டு, வால்வை மிக மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் வண்டி சட்டென்று விழும்.

கடைசியாக மேஸ்திரி ஒன்று சொன்னார். “இருபது டன்னு போட்டிருக்கறது எவ்வளவு தூக்கும்ங்கறதுக்கு சார். எவ்வளவு நேரம் தாங்கும்னு எங்கயும் போடல.” அந்தத் தாள் நான் ஓய்வு பெறும் வரை ஷெட் சுவரில் இருந்தது. அந்தப் பையனுக்கு அதனால் ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை. தினக்கூலி என்பதால் அவனுடைய உதவித்தொகைக் கோப்பு நெடுநாள் அலைந்தது. அதன் பின்னால் நான் அலைந்தேன். ஓரளவு தொகை கிடைத்தது. ஸ்டாண்டு பட்டியலில் என் குறிப்பு இருந்த விஷயத்தை மட்டும் அவனிடம் கடைசி வரை சொல்லவில்லை. எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன வாரம் தனியாக அந்த டயர் கடைக்கு மறுபடி போனேன். பையன் இருந்தான். ஸ்டீபன்சன் கதையைச் சொன்னேன், கேட்டுக்கொண்டான். “ஸ்டாண்டு இருக்குது தாத்தா” என்று சொல்லி, கடைக்குப் பின்னாலிருந்து துருப்பிடித்த இரண்டை எடுத்து வந்து காட்டினான். அதன்மேல் பலகை போட்டு உட்காரப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். முள்ளும் பூட்டும் சரியாக இருந்தன. மிளகைப் பற்றிச் சொன்னபோதுதான் அவன் முகம் கொஞ்சம் மாறியது. “அம்மாந்துண்டுதானா?” என்றான்.

உங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகளோ மருமகனோ கார் வைத்திருந்தால் ஒன்றைச் சொல்லிவையுங்கள். காரோடு தரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும். அதை வைத்துக்கொண்டு காருக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டக் கூடாது. பழுது பார்க்கும் கடையில் உங்கள் வண்டிக்கு அடியில் ஒரு பையன் நுழைகிறான் என்றால், ஸ்டாண்டு வைத்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ‘அவங்க வேலை அவங்களுக்குத் தெரியும்’ என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். சொல்லட்டும். நீங்கள் கேளுங்கள்.